மருந்தில்லாத நோய்க்கு அறிவதே மருந்து

(“கொசுக் காய்ச்சலிலிருந்து குடும்பத்தைக் காக்கப் பெரிதும் உதவுவது கொசு ஒழிப்பே! – எளிய இரத்தப் பரிசோதனையே!” என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘எளிய இரத்தப் பரிசோதனையே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

     

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் கொசுவை ஒழிக்கணும் கொசுவை ஒழிக்கணும்னு ஆவேசமாப் பேசினார். நானும் ரசிச்சுக் கேட்டேன். ஆனா ஒண்ணு பார்த்தேன். அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள தன் கையிலயே நாலு தடவை ‘பட் பட்’டுன்னு அடிச்சுக்கிட்டார். (சிரிப்பு) இவ்வளவு விளக்கு, இவ்வளவு புகை போட்ட மேடையிலேயே ஒழிக்க முடியாத கொசுவை, ஊர் முழுக்க எப்ப ஐயா ஒழிப்பீங்க? (கைதட்டல்)

கொசுவை ஒழிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தொட்டியை மூடுங்கள், உடைந்த டயரைத் தூக்கிப் போடுங்கள், பூந்தொட்டித் தட்டில் நிற்கிற தண்ணீரைக் கொட்டுங்கள். எல்லாம் செய்ய வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி. தூய்மைக்கு ஊர் எது என்றால் பச்சைக் குழந்தையும் சிங்கப்பூர் என்று சொல்லும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் அங்கே அபராதம் போடுகிறார்கள். அந்தச் சிங்கப்பூரில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. அவங்களுக்கே அந்தக் கதின்னா, மூடி தொலைஞ்சு போன பிளாஸ்டிக் குடத்துல தண்ணி பிடிச்சு வைக்கிற நம்ம வீட்டுக்கு என்ன கதி? ஆகவே ஐயா, கொசுவை ஒழிக்க முயல்வோம். ஆனால் கடித்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் விடை வேண்டும்.

எதிரணியில் பேசிய தங்கை ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க. பாராட்டணும். “டெங்குக்குத்தான் மருந்தே கிடையாதே, அப்புறம் சோதனை பண்ணித் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?” என்று கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். (சிரிப்பு)

அம்மா, மருந்து இருக்கிற நோய்க்குக்கூட சோதனை கொஞ்சம் தாமதமாகலாம். மருந்தே இல்லாத நோய்க்குத்தான் சோதனை முதலில் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

காய்ச்சல் வந்தால் உடம்பு வலிக்கும். நம்ம வீட்டுல என்ன செய்வோம்? கடைக்குப் போய், “ஏப்பா, நல்லா வலி கேக்குற மாத்திரையா ரெண்டு குடு”ம்போம். அவனும் கொடுப்பான். அது ஆஸ்பிரினாகவோ இபுபுரூஃபனாகவோ இருந்துவிட்டால்? டெங்குவில் அந்த மாத்திரைகள் இரத்தக் கசிவைத் தூண்டிவிடும். பாராசிட்டமால்தான் கொடுக்கலாம், அதுவும் அளவோடு. இது டெங்கு என்று தெரிந்தால் அந்த மாத்திரை வீட்டுக்குள் வராது. ஒரு சோதனைச் சீட்டு ஓர் உயிரைக் காப்பாற்றிவிடும்.

அடுத்து, காய்ச்சல் எப்போது ஆபத்து? கொதிக்கும்போது என்று நினைக்கிறோம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு குறையும். “அப்பாடா, விட்டுருச்சு” என்று நாம் நிம்மதியாக இருப்போம். அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், ஒரே சோர்வு, இருப்புக் கொள்ளாத தவிப்பு... இவையெல்லாம் அபாய மணி. டெங்கு என்று தெரிந்த தாய் அந்த மணி அடிக்கும்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். தெரியாத தாய், “புள்ளை அசந்து தூங்குது, எழுப்பாதீங்க” என்பாள்.

மூன்றாவதாக, சோதனையில் ‘டெங்கு இல்லை’ என்று வந்தால் அதுவும் லாபம்தானே? அப்படியானால் மலேரியாவா, டைஃபாய்டா, எலிக்காய்ச்சலா என்று தேடலாம். அதற்கெல்லாம் மருந்து இருக்கிறது ஐயா!

வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதில் மருத்துவனுக்கு அவர் சொல்லும் வரிசை என்ன? முதலில் நோய் இன்னதென்று தேடு. பிறகு அதன் காரணத்தைத் தேடு. பிறகு தணிக்கும் வழியைத் தேடு. மருந்து கொடுப்பது கடைசியில் வருகிறது. கண்டுபிடிப்பது முதலில் வருகிறது. ஆக, எங்கள் அணித் தலைவர் உண்மையில் வள்ளுவர்தான்! (பலத்த கைதட்டல்)

சரி, சோதனை வேண்டும். அது யாருக்கு எட்டும்? எங்க தெரு முனையில ஒருத்தர் தள்ளுவண்டியில துணி தேய்க்கிறார். அவர் மகனுக்குக் காய்ச்சல். ரெண்டாம் நாள் பக்கத்து மருத்துவமனையில ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. தொகையைக் கேட்டவர் சீட்டை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். அரசு ஆஸ்பத்திரியில இலவசம்தான். ஆனா அங்கே போனா அன்னைக்குப் பொழப்பு போயிரும். நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம்னு ரெண்டு நாள். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எல்லாருக்கும் சந்தோஷம். சாயங்காலம் பையன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டுட்டான். அந்தத் தெருவில் குடியிருக்கிற செவிலியர் அம்மா ஒருத்தர் பார்த்துட்டு, ஆட்டோவில போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கிட்டுப் போனாங்க. டெங்கு. நரம்பில் திரவம் ஏற்றினார்கள், பிள்ளை பிழைத்தான். அப்புறம் ஒரு நாள் அவர் என்கிட்ட சொன்னார்: “ஐயா, நான் காய்ச்சலுக்குப் பயப்படலை. சீட்டுக்குத்தான் பயந்தேன்.”

நடுவர் அவர்களே, ஒரு தகப்பன் நோய்க்குப் பயப்படலாம். நோயைத் தெரிந்துகொள்வதற்குப் பயப்படலாமா? அதனால்தான் எங்கள் தலைப்பில் ‘எளிய’ என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்காகத்தான் இன்றைக்கு நான் வழக்காடுகிறேன்.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது? பேராசிரியர் பாடம் எடுக்கப் போறார்னு பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம். (சிரிப்பு)

டெங்கு வைரஸ் ஒரு திருடன். உடம்பு என்கிற வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பொருளைச் சிந்திக்கொண்டே ஓடுகிறான். அதற்கு என்.எஸ்.1 என்று பெயர். திருடன் விட்டுட்டுப் போன செருப்பு மாதிரி! காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே இரத்தத்தில் அது கிடைக்கும். நாலைந்து நாள் போனால் நம் உடம்பு தானே மோப்ப நாய்களைத் தயார் செய்துவிடும். அவைதான் எதிர்ப்புப் புரதங்கள். முதலில் வருவது ஐ.ஜி.எம். ஆகவே முதல் ஐந்து நாளில் செருப்பைத் தேடணும். ஐந்து நாளுக்குப் பிறகு நாயைத் தேடணும். ரெண்டாம் நாளே நாயைத் தேடினா, அது இன்னும் பிறக்கவே இல்லையே! ‘இல்லை’ன்னுதான் வரும். வீட்டில் இருப்பவர்கள் ஏமாந்து போவார்கள். எனவே தாய்மார்களே, மருத்துவர் “காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது?” என்று கேட்டால், “போன வாரம்... மாமியார் ஊருக்குப் போன அன்னைக்கு...” என்று இழுக்காமல் தேதியைச் சொல்லுங்கள். (சிரிப்பு) மாமியார் ஊருக்குப் போன தேதி உங்களுக்கு நிச்சயம் மறந்திருக்காது! (பலத்த சிரிப்பு)

அந்த நாய் டெங்குத் திருடனைப் பார்த்த நாய்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திருடனின் வாசனையைக் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? திருடனையே வளர்த்தார்கள்! பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சின் மூளையில் உயிருள்ள வைரஸைச் செலுத்தி, வளர்த்து, அந்த மூளையிலிருந்து சோதனைக்கான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். செய்கிறவனுக்கு ஆபத்து, செலவு அதிகம், எல்லா ஊரிலும் செய்ய முடியாது.

ஆபத்து என்றால் எவ்வளவு ஆபத்து? வரலாறு சொல்கிறேன். மஞ்சள் காய்ச்சல் என்று ஒரு நோய். நம்ம மஞ்சள் காமாலை இல்லை, அது வேறு. இதுவும் வைரஸ், டெங்குவைப் பரப்புகிற அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்புகிறது. அதை ஆராய 1927-இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் இருந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அந்த நோயிலேயே இறந்தார். 1928 மே மாதம் அக்ராவில் ஜப்பானிய அறிஞர் ஹிடேயோ நொகுச்சி இறந்தார். அவரோடு பணியாற்றிய வில்லியம் யங் அடுத்த சில நாளில் இறந்தார். நொகுச்சியின் படத்தை ஜப்பான் அரசு 2004-இல் தன் ஆயிரம் யென் நோட்டிலேயே அச்சிட்டது. நாம் கையை நீட்டிக் கொடுக்கிற ஒரு சொட்டு இரத்தத்துக்குப் பின்னால் இப்படிச் சில உயிர்கள் இருக்கின்றன.

பிறகுதான் அறிவியல் யோசித்தது. மோப்ப நாய்க்குத் திருடனே எதற்கு? அவன் துண்டு போதாதா? (கைதட்டல்) வைரஸின் மேலுறையில் அதற்கே உரிய ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அந்தப் பகுதிக்கான மரபுக் குறிப்பை மட்டும் எடுத்து, ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். நம் குடலில் குடியிருக்கிறதே, அந்த இனம்தான். அது சொன்னபடி புரதத்தை உற்பத்தி செய்து கொடுக்கும். வைரஸே இல்லை, ஆகவே தொற்றும் இல்லை. பெரிய பாத்திரத்தில் வளர்க்கலாம். ஆகவே விலையும் குறையும். தில்லியில் பன்னாட்டு மரபணுப் பொறியியல், உயிரித் தொழில்நுட்ப மையத்தில் டாக்டர் நவீன் கன்னா குழுவினர் இந்த வழியில்தான் உழைத்தார்கள். அந்த மையத்தின் உழைப்பில், ஓர் இந்திய நிறுவனத்தின் கூட்டோடு, 2013-இல் ‘டெங்கு டே 1’ என்ற அட்டைச் சோதனை வெளிவந்தது. செருப்பையும் நாயையும் ஒரே சோதனையில் தேடலாம். கால் மணி, இருபது நிமிஷத்தில் கோடு தெரியும்.

இந்த மாதிரி அட்டைகள் பெரும்பாலானவற்றில் தெரிகிற சிவப்புக் கோடு எதனால் ஆனது தெரியுமா? தங்கத்தால்! கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்தான் அந்தச் சிவப்பு நிறம். உடனே தாய்மார்கள் நிமிர்ந்து உட்கார்றீங்க! (சிரிப்பு) அட்டையைச் சுரண்டி வளையல் செய்ய முடியாதும்மா. ஆனால் கழுத்தில் போட்ட தங்கத்தை அடகு வைக்காமல் காப்பாற்றுவது இந்தத் தங்கம்தான்! (பலத்த கைதட்டல்)

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அட்டைச் சோதனை தவறவும் செய்யும். அதனால்தான் அரசின் வழிகாட்டுதல் எலைசா முறையில் செய்த முடிவையே உறுதியானதாக எடுத்துக்கொள்கிறது. அந்த எலைசாவை 1971-இல் சுவீடனில் ஈவா எங்வால் என்ற பெண்ணும் பீட்டர் பெர்ல்மனும் உருவாக்கினார்கள். டெங்கு, சிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூன்றும் ஒரே வைரஸ் குடும்பத்துப் பிள்ளைகள். முகம் ஒரே சாயல். ஒன்றுக்கு வைத்த சோதனை இன்னொன்றைக் காட்டிவிடக்கூடும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கிற சோதனைக்காக இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது. மலிவு என்றால் மட்டமானது என்று பொருள் இல்லை ஐயா. மட்டமான சோதனை இலவசமாகக் கிடைத்தாலும் அது விலை அதிகம்தான்.

அடுத்து விலைக்கு வருகிறேன். “நல்ல பொருள்னா விலை அதிகமாத்தான் இருக்கும்” என்றார் எதிரணி நண்பர். விலை என்ன தலையெழுத்தா? மனிதன் எடுக்கிற முடிவு! 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை எதிர்ப்புப் புரதத்தை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். என்.எஸ்.1 என்ற செருப்பைப் பிடிக்கிற கை அதுதான். அதற்குக் காப்புரிமை எடுக்கப்படவே இல்லை. 1984-இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் அந்த வழி உலகத்துக்கே திறந்து கிடந்தது. அது ஒரு முடிவு. நம் நாட்டில் புனேயின் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் ஐ.ஜி.எம். சோதனைப் பெட்டிகளைத் தயாரித்து, தேர்ந்தெடுத்த அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அது ஒரு முடிவு. 2015-இல் தில்லியில் டெங்கு பரவியபோது, டெங்கு சோதனைக்கு 600 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது, தட்டணு எண்ணிக்கைக்கு 50 ரூபாய்க்கு மேல் கூடாது என்று தில்லி அரசு உச்சவரம்பு வைத்தது. அதுவும் ஒரு முடிவு. இப்படி முடிவெடுத்தால் துணி தேய்க்கிறவர் சீட்டை மடித்துப் பையில் வைக்க மாட்டார்.

எதிரணியில் கடைசியாகப் பேசிய தம்பி, “தடுப்பூசி வந்துட்டா உங்க சோதனை எதுக்கு?” என்று மடக்கினார். தம்பி, நல்லா மாட்டுனீங்க! (சிரிப்பு) பிலிப்பைன்ஸ் நாட்டில் 2016-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்கு தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டார்கள். 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே ஓர் உண்மையைச் சொன்னது: ஏற்கெனவே டெங்கு வந்தவருக்கு இந்த ஊசி பாதுகாப்பு, ஒரு முறைகூட வராதவருக்குப் போட்டால், பின்னால் டெங்கு வரும்போது கடுமையாகும் அபாயம் கூடும். டெங்குவில் நாலு வகை உண்டு. ஒரு வகை வந்து போன பிறகு வேறு வகை வரும்போது கடுமையாகலாம். இந்த ஊசியே முதல் வகை போலச் செயல்பட்டுவிட்டது என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கம். அந்த நாட்டுத் தாய்மார்கள் பதறிப் போனார்கள். திட்டத்தை நிறுத்தினார்கள். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் என்ன சொன்னது? இந்த ஊசி போடும் முன் இரத்தப் பரிசோதனை செய்து, முன்பு டெங்கு வந்ததா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றது! தடுப்பூசிக்கே கண் வேண்டும் தம்பி. அந்தக் கண் இரத்தப் பரிசோதனை. (நீண்ட கைதட்டல்)

கடைசியாக, கொசு ஒழிப்பு நண்பர்களுக்கே ஒரு வார்த்தை. புகை அடிக்கிற வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போகணும்? எந்த வீட்டில் தொட்டியைப் பார்க்கணும்? அதைச் சொல்வது யார்? ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைக்கு டெங்கு என்று சோதனையில் உறுதியானால்தான் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும். ஆட்கள் அந்தத் தெருவுக்கு வருவார்கள். சோதனை செய்யாத ஊரில் கணக்கில் டெங்கு இருக்காது, வீடுகளில் இருக்கும். 2017-இல் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு, 65 பேர் இறந்தார்கள் என்கிறது அரசுக் கணக்கு. இந்தக் கணக்கே சோதனை சொன்ன கணக்குத்தான். சோதிக்கப்படாதவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே நடுவர் அவர்களே! கொசு ஒழிப்பு கை என்றால் இரத்தப் பரிசோதனை கண். கண் இல்லாமல் வீசுகிற கை காற்றைத்தான் அடிக்கும், எதிரணித் தலைவர் இங்கே அடித்துக்கொண்ட மாதிரி! (சிரிப்பு) மருந்து உள்ள நோய்க்கு மருந்தே மருந்து. மருந்தில்லாத நோய்க்கு அறிவதே மருந்து. அந்த மருந்தைச் செய்கிறவர் உயிருக்கு அஞ்சாமல் செய்ய வேண்டும்; வாங்குகிறவர் விலைக்கு அஞ்சாமல் வாங்க வேண்டும். பிள்ளைக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் என்றால் எந்தத் தாயும் தகப்பனும் சீட்டுக்குப் பயப்படாத நாள் வர வேண்டும். அந்த நாளுக்காக, குடும்பத்தைக் காக்கப் பெரிதும் உதவுவது எளிய இரத்தப் பரிசோதனையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.